இரண்டு நாண்

ஒவ்வொரு ஆண்டும் கல்லூரி திறந்த இரண்டாவது மாதத்தில் நான் ஒரு யானையைக் கொல்வது வழக்கம். யானையோடு முடிவதில்லை. ஒரு புலி, ஒரு மான், ஒரு காட்டுப்பன்றி, கடைசியாகப் புற்றுக்குள் கிடக்கும் ஓர் உடும்பு. புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் காட்டும் வேட்டை அது. ஒரே அம்பு, ஐந்து உயிர்கள். எய்தவன் கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி. பிற்பகல் வகுப்பு என்பதால் பாதிப் பேர் உறக்கத்தின் விளிம்பில் இருப்பார்கள். அவர்களை எழுப்பும் பொருட்டு இடக்கையை நீட்டி, வலக்கையைத் தாடை வரை இழுத்து, விரல்களை விடுவித்துக் காட்டுவேன். உறங்குகிறவர்கள் மீதுதான் அம்பு பாயும்.

2024இல் அப்படிக் காட்டி முடித்தபோது முன்வரிசையில் ஒரு மாணவி கேட்டாள். "சார், நீங்க நெசமாவே வில்லு புடிச்சிருக்கீங்களா? தோளு அப்படி நிக்குதுங்க."

"இல்லம்மா, சினிமாவுல பாத்ததுதான்" என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். மீதிப் பாட்டை நடத்தி முடித்து ஓய்வறைக்கு வந்து உட்கார்ந்தபோது கை இலேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. ஏழு ஆண்டுகள் வில் பிடித்தவன் நான். எதற்காக அந்தப் பொய்?

திருப்பூரில், ஊத்துக்குளிச் சாலையில் இருக்கும் மண்ணரை என் ஊர். அப்பா பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். எங்கள் லைன் வீட்டின் கடைசி அறையில் ஒரு கட்டிங் மாஸ்டர் குடியிருந்தார். தெருவே அவரை மாஸ்டர் என்றுதான் அழைத்தது. கத்தரிக்கும் தொழிலால் வந்த பட்டம் அது, வில் கற்பித்ததால் வந்ததன்று. இளமையில் சேலம் பக்கம் வேலையில் இருந்தபோது யாரிடமோ மூங்கில் வில் பழகியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஷிப்ட் இல்லையென்றால் அதிகாலையில் வில்லை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். 1994இல் பத்தாம் வகுப்பு படிக்கையில், அம்பு பொறுக்கும் பையனாக அவர் பின்னால் போனேன். மூன்று மாதம் பொறுக்கிய பிறகு ஒருநாள் வில்லை என் கையில் கொடுத்தார்.

எங்கள் கருவிகள் எல்லாமே திருப்பூர்ச் சரக்கு. வில்லின் இரு கைகளும் தணலில் வாட்டி வளைத்த கல்மூங்கில், நடுவில் மரப்பிடி. நாண் என்பது தையல் நூல். பாலியெஸ்டர் கோனிலிருந்து அறுபது இழைகளைச் சேர்த்து முறுக்கி, தேன்மெழுகு பூசி, விரல் படும் இடத்தில் தனியாக நூல் சுற்றியிருப்பார். இலக்கும் கம்பெனியில் கிடைத்ததுதான். சாக்குக்குள் கட்டிங் வேஸ்ட்டைத் திணித்துத் திணித்து, கல்லைப்போல இறுக்கித் தைத்த மூட்டை. அம்பு அதில் பாயும்போது கிளம்பும் மந்தமான ஓசையை இன்றும் கண்ணை மூடினால் கேட்கலாம். அம்பைப் பிடுங்கினால் முனையோடு ஒரு சிவப்புத் துணிப் பிசிறு கூடவே வரும்.

மாஸ்டருக்கு விதிகள் இரண்டே. அம்பில்லாமல் நாணை இழுத்து விடக் கூடாது. அம்பு எடுத்துச் செல்ல வேண்டிய விசையை வில்லே வாங்கிக்கொண்டு விரிசல் காணும். இரண்டாவது, எய்து முடித்ததும் நாணை இறக்கிவிட வேண்டும். நாணேற்றிய நிலையிலேயே வைத்தால் மூங்கில் அந்த வளைவையே தன் இயல்பாக்கிக்கொள்ளும். பிறகு இழுத்தாலும் அதில் உந்துதல் இராது. "வேலை முடிஞ்சா அதையும் ஊட்டுக்கு அனுப்போணும் கண்ணு" என்பார்.

பின்னாளில் முதுகலையில் தமிழ் படித்தபோது வில்லுக்கு இந்த மொழியில் இருக்கும் பெயர்களைக் கண்டு மலைத்தேன். சிலை, தனு, சாபம், கார்முகம். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது கொடுமரம், வளைந்த மரம். எங்கள் மூங்கிலுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. அம்பில் நாண் பொருந்தும் வெட்டுக்குக் குதை என்று பெயர். சேரர்களின் சின்னம் வில். கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த சேரர் காசுகளிலும் வில்லும் அம்பும் உண்டு. மண்ணரையைத் தொட்டு ஓடும் நொய்யலின் கரையிலேயே, கிழக்கே சென்னிமலைக்கு இப்பால், பதிற்றுப்பத்து குறிப்பிடும் கொடுமணம் இருக்கிறது. இன்றைய கொடுமணல். அங்கே அகழ்ந்த பழைய ஈமக்குழிகளில் இரும்பு அம்பு முனைகள் கிடைத்திருக்கின்றன. விடுமுறையில் வந்து இதையெல்லாம் மாஸ்டரிடம் சொல்வேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, "சேரி, முழங்கையத் தூக்கு" என்பார்.

2001. முதுகலை முடித்திருந்தேன். சேலத்தில் ஒரு போட்டி. இந்தியன் ரவுண்ட் என்று அழைக்கப்படும் பிரிவு. மூங்கில் வில்லும் மரத்தாலோ மூங்கிலாலோ ஆன அம்பும் கொண்டு 50 மீட்டரிலும் 30 மீட்டரிலும் எய்வது. பெயர் கொடுத்து, கட்டணம் கட்டி, லீவும் சொல்லி வைத்திருந்தார் மாஸ்டர். விடியற்காலை ஐந்து மணிக்குப் பேருந்து நிலையத்தில் சந்திப்பதாக ஏற்பாடு. முதல்நாள் மாலை கடைசிப் பயிற்சியிலிருந்து வீடு திரும்பியபோது கோவையில் ஒரு கல்லூரியிலிருந்து கடிதம் வந்திருந்தது. தற்காலிக விரிவுரையாளர் பணிக்கு நேர்காணல், மறுநாள் காலை பத்து மணி.

அப்பாவுக்கு அப்போது கண் மங்கத் தொடங்கியிருந்தது. ஊசியில் நூல் கோக்க அம்மாவை அழைப்பார். போட்டியா வேலையா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. ஆனால் ஒன்றுக்கு இடமிருந்தது. மாஸ்டர் அதற்குள் வேறு வீட்டுக்குக் குடிபெயர்ந்திருந்தார். சைக்கிளில் பத்து நிமிடத் தொலைவு. போய், "நாளைக்கு வர முடியலீங்க மாஸ்டர்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாசல் வரை சைக்கிளைத் தள்ளினேன். அவர் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தேன். சைக்கிளைத் திரும்ப நிறுத்தினேன். விடியும் முன் கோவைக்குப் பேருந்து ஏறினேன். வேலை கிடைத்தது.

அடுத்த வாரம் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரு வாரம் கடந்த பின் சொல்வது இன்னும் கடினமாயிற்று. ஒரு மாதம் கடந்ததும் அதைவிட. கடனுக்கு வட்டி ஏறுவதை அறிந்த ஊர் எங்களுடையது. வெட்கத்துக்கும் அப்படித்தான் ஏறுகிறது. ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பின் ஒருமுறை தேநீர்க் கடை வாசலில் அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார் என்றே தோன்றியது. உடனே குனிந்து சைக்கிள் செயினைச் சரிசெய்யத் தொடங்கிவிட்டார். என் முகத்தைக்கூடப் பார்க்க விருப்பமில்லை என்று புரிந்துகொண்டேன். அதன் பிறகு அந்தத் தெரு வழியே போவதை விட்டேன். திருமணமாயிற்று, குழந்தைகள் பிறந்தார்கள், பணி நிலையாயிற்று. வகுப்பில் ஓரியின் வில்லை ஆண்டுதோறும் வளைத்தேன். சொந்த வில்லைத் தொடவில்லை.

மாணவியிடம் பொய் சொன்ன அந்த வாரக் கடைசியில், மண்ணரையில் பூட்டிக்கிடக்கும் பழைய வீட்டைத் திறந்தேன். அப்பா காலமான பின் அங்கே யாரும் இல்லை. பரண்மேல் பழைய போர்வையில் சுற்றிக் கிடந்தது வில். பிரித்துப் பார்த்ததும் வயிற்றுக்குள் என்னவோ செய்தது. நாண் ஏற்றிய நிலையிலேயே இருந்தது. கடைசிப் பயிற்சியின் மாலையில், அந்தக் கடிதத்தின் பதற்றத்தில், இறக்காமல் வைத்திருக்கிறேன். இருபத்து மூன்று ஆண்டுகள் வில் பூட்டியபடியே இருந்திருக்கிறது. நாணைக் கழற்றினேன். மூங்கில் நிமிரவில்லை.

மறுநாள் காலை அந்த வில்லை எடுத்துக்கொண்டே மாஸ்டரைத் தேடிப் போனேன். எழுபதைத் தாண்டியிருந்தார். ஞாயிறுதோறும் நாலைந்து பேருக்குக் கற்றுக்கொடுப்பதாக அண்டை வீட்டில் சொன்னார்கள். மூடிக்கிடக்கும் ஒரு சாயப்பட்டறையின் பின்வளாகம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் திருப்பூரின் சாயப்பட்டறைகள் ஒட்டுமொத்தமாக நிறுத்தப்பட்டபோது மூடியது இது. சுத்திகரிப்பு வசதிகளைச் செய்துகொண்டு பலர் மீண்டும் திறந்தார்கள். இது திறக்கவே இல்லை. நீளமான வெற்றிடம், கடைசியில் உயரமான சுவர். வில்லுக்கு வேறென்ன வேண்டும்? சுவரோரம் அதே கட்டிங் வேஸ்ட் மூட்டை.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை, இத்தனை நாள் எங்கே போனாய் என்றும் கேட்கவில்லை. கையிலிருந்த வில்லைத்தான் முதலில் பார்த்தார்.

"நாண எறக்கி வெச்சிருந்தியா கண்ணு?"

பொய் சொல்ல ஒரு கணம் போதும். அந்தக் கணம் வந்து போயிற்று. "இல்லீங்க மாஸ்டர்" என்றேன்.

வில்லை வாங்கித் தரையில் ஊன்றி அழுத்திப் பார்த்தார். "போச்சாது. இது வெந்நீர் அடுப்புக்குத்தான் ஆகும். வேற செஞ்சுக்கலாம்." இவ்வளவே. அந்த மூங்கிலை வைத்து வரும் வழியெல்லாம் மனத்தில் ஓர் உவமையை வளர்த்துக்கொண்டிருந்தேன். வளைந்த வாழ்வு, நிமிராத முதுகு என்றெல்லாம். அதை அவர் ஒரே வார்த்தையில் அடுப்பில் போட்டுவிட்டார்.

இரவல் வில்லில் தொடங்கினேன். மறந்திருக்காது என்ற நம்பிக்கை முதல் அம்பிலேயே உடைந்தது. நினைவு இருந்தது. அதை நிறைவேற்றும் முதுகு இல்லை. வில்லை இழுப்பது கை என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். உண்மையில் இழுப்பவை இரு தோள்பட்டை எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள். இருபதாண்டுகள் விடைத்தாள் திருத்தியதில் அவை எங்கோ போய்விட்டிருந்தன. தாடைவரை நாண் வரவில்லை. வந்த ஒருமுறையும் முழங்கை உட்புறம் திரும்பியிருந்ததால், விடுபட்ட நாண் இடது முன்கையை உரசி அறைந்தது. அந்த நீலக் கன்றலோடு மறுநாள் வகுப்புக்குப் போனேன்.

மாஸ்டர் என்னை மூட்டையிலிருந்து ஐந்தடி தூரத்தில் நிறுத்தினார். இலக்கு வட்டத்தையும் எடுத்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு எய்யச் சொன்னார். குறி என்ற ஒன்றே இல்லாதபோது உடம்பு தன்னைத்தானே கேட்கத் தொடங்குமாம். ஆறு வாரங்கள் இப்படியே போயின. அருகில் எட்டு வயதுச் சிறுவர்கள் இருபது மீட்டரில் எய்துகொண்டிருக்க, கல்லூரி ஆசிரியர் ஒருவர் கண்ணை மூடியபடி மூட்டையைக் குத்திக்கொண்டிருக்கும் காட்சியை வாசகர்கள் கற்பனை செய்துகொள்ளலாம். எனக்கு ஆறுதலாக இருந்தது ஒரு செய்திதான். 1920க்குப் பிறகு ஒலிம்பிக்கிலிருந்தே வில்வித்தை காணாமல் போய், 52 ஆண்டுகள் கழித்து 1972இல்தான் திரும்பியது. என் கணக்கு அதில் பாதிக்கும் குறைவு.

இந்த வாரங்களில்தான் வேறொன்றும் நிகழ்ந்தது. இத்தனை காலம் அகராதிப் பொருளாகவே இருந்த சொற்களுக்கு எடை வந்தது. குதையில் நாண் பொருந்தும்போது எழும் மெல்லிய சொடுக்கை விரல் மீண்டும் அறிந்தது. அம்பு நேரானது, ஆனால் கொடியது என்று வள்ளுவர் யாழோடு ஒப்பிடுவதை நானும் நடத்தியிருக்கிறேன். விடுபட்ட கணத்தில் அந்த நேரான அம்பு வில்லின் பிடியைச் சுற்றி மீனைப்போல வளைந்து நெளிந்து, பிறகே நேராகிச் செல்கிறது. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நடப்பது இது. வளையவே வளையாத அம்பும், தேவைக்கு மேல் வளையும் அம்பும் இலக்கைவிட்டு விலகும். மாஸ்டர் ஒவ்வோர் அம்பையும் விரலால் அழுத்திப் பார்த்துப் பிரித்து வைப்பது இதற்காகத்தான் என்பதை ஏழாண்டுகள் பழகியபோதும் நான் கேட்டறிந்ததில்லை.

ஒரு ஞாயிறு, ஜார்க்கண்டிலிருந்து வந்து நிட்டிங் கம்பெனியில் வேலை செய்யும் இளைஞன் ஒருவன் மதில் ஓரமாக வந்து நின்றான். வில்லைக் கொடுத்ததும், கட்டைவிரலை விலக்கி இரண்டே விரல்களில் நாணைப் பற்றினான். ஏகலைவனின் நினைவாகக் கட்டைவிரலைத் தொடுவதில்லை என்று தன் ஊர்ப் பெரியவர்கள் கற்பித்ததாகச் சொன்னான். துரோணர் கேட்ட விரலை இன்னமும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வதா, அது இல்லாமலும் எய்வோம் என்று காட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. ஊரைவிட்டு வந்து ஏழு வருடமாக வில்லைத் தொடவில்லையாம். அவனுடைய முதல் அம்பு சுவரில் பட்டுத் தெறித்தது. வெட்கத்தோடு சிரித்தான். இரண்டாவது அம்பு நடுவில் பாய்ந்தது. மாஸ்டர் அவனுக்குத் தமிழில் ஏதோ சொன்னார், அவன் இந்தியில் ஏதோ சொன்னான். இருவரும் முழங்கையைப் பற்றித்தான் பேசினார்கள்.

நான் 30 மீட்டருக்குத் திரும்ப மார்கழி ஆகிவிட்டது. அன்று ஆறு அம்புகளில் நான்கு மூட்டையில் நின்றன. அம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்ற துணிவில், முதுகைக் காட்டியபடியே சொல்லிவிட்டேன்.

"மாஸ்டர், அன்னைக்கு சேலத்துக்கு நான் வரலீங்க. வேலைக்கு இன்டர்வியூன்னு லெட்டரு வந்துருச்சு. உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கோணும். நீங்க பஸ் ஸ்டாண்டுல எத்தன நேரம் நின்னீங்களோ..."

பின்னால் வெகுநேரம் சத்தமில்லை. திரும்பினேன். மாஸ்டர் விசித்திரமான ஒரு முகத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ வரலியா?"

"இல்லீங்க."

"நானும் போகல கண்ணு." குரல் இறங்கியிருந்தது. "முந்தின நாள் ராத்திரி ஷிப்மெண்ட்டுன்னு புடிச்சு வெச்சுட்டாங்க. விடிய விடிய கட்டிங். ஊட்டுக்கு வாரப்ப எட்டு மணி. பையன் அங்க நின்னுட்டு இருப்பானேன்னு... நெம்ப வெக்கமாப் போச்சு. அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சுட்டு உன்னையப் பாக்கறது?"

தேநீர்க் கடையின் சைக்கிள் செயின் நினைவுக்கு வந்தது. கேட்டேன். "செயினெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். சிறுவர்கள் எய்வதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் இருவருக்கும் பேச ஒன்றும் இல்லை. யாரும் காத்திராத ஒரு பேருந்து நிலையத்தை நினைத்து, ஒரே ஊருக்குள் இருபத்து மூன்று ஆண்டுகள் ஒளிந்திருக்கிறோம். அந்த ஆண்டுகளை யாரிடம் திரும்பக் கேட்பது?

தமிழில் நாண் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். வில்லின் கயிறு ஒன்று, வெட்கம் மற்றொன்று. நாணுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் இரண்டையும் சேர்த்தே கட்டியிருக்கிறார். உள்ளத்தில் நாண் இல்லாதவர், நாண் கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவையைப் போன்றவர் என்பது அதன் கருத்து. ஆண்டுகளாக அந்தச் சிலேடையை வகுப்பில் ரசித்து விளக்கியிருக்கிறேன். நாண் இல்லாதவர்களைப் பற்றி அது பேசுகிறது. நாணை ஏற்றிவிட்டு இறக்கவே தெரியாதவர்களைப் பற்றி யோசிக்க எனக்கு ஒரு வளைந்த மூங்கில் தேவைப்பட்டது.

152ஆம் பாட்டில் எல்லோரும் யானையிலிருந்து உடும்பு வரை பாய்ந்த அம்பையே நினைவில் வைத்திருக்கிறோம். அதற்குப் பின்னால் ஒரு காட்சி உண்டு. அவன் யாரென அறியாத பாணர் கூட்டம் பாடும்போது, அரசன் என்ற சொல் வருகிறது. அது தன்னைக் குறிக்கும் பெயர் என்பதால் ஓரி நாணுகிறான். ஐந்து விலங்குகளைத் துளைத்தவன் ஒரு சொல்லுக்குக் கூசுகிறான். ஆனால் அந்தக் கூச்சத்தோடு காட்டுக்குள் மறைந்துவிடவில்லை. அவர்கள் மேற்கொண்டு புகழ்வதற்கு முன்பே, வேட்டையாடிய இறைச்சியையும் மதுவையும் தந்து, தன் மலையின் பொன்னையும் வாரிக் கொடுக்கிறான். நாண் ஏறுகிறது, அம்பு கொடையாக வெளியேறுகிறது, நாண் இறங்குகிறது. இது உரையாசிரியர் எவரும் சொன்ன பொருளன்று. முன்கையில் கன்றலோடு படித்தவனுக்குத் தோன்றியது.

2025இல் அந்தப் பாட்டை நடத்தியபோது, முந்தைய ஆண்டு கேள்வி கேட்ட மாணவி மூன்றாமாண்டுக்குப் போயிருந்தாள். அவளை வரவழைத்து இரண்டாமாண்டு மாணவர்கள் முன்னிலையிலேயே சொன்னேன், "போன வருசம் நீ கேட்டதுக்கு நான் சொன்னது பொய்ம்மா." முன்கையையும் காட்டினேன். "தெரியும்ங்க சார்" என்றாள்.

ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டை ஒட்டிக் கொல்லிமலைச் செம்மேட்டில் அரசு எடுக்கும் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டியும் உண்டு. அங்கே ஓரிக்குச் சிலையும் இருக்கிறது. பழந்தமிழில் சிலை என்றாலே வில்தான் என்று மாஸ்டரிடம் சொன்னபோது, "அப்ப ஒருக்கா பாத்துட்டு வந்தர்லாம்" என்றார். வரும் ஆடியில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போய் வருவதென்று முடிவாகியிருக்கிறது. அவர் செய்து கொடுத்த புதிய வில்லும் உடன் வரும், நாண் இறக்கிய நிலையில். பேருந்து நிலையத்துக்கு முதலில் வந்து நிற்பது யார் என்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.